இங்கே வண்டியை விடலாமா

பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் பதினேழு நாள் இருந்தேன். ஈஃபில் கோபுரத்துக்குப் போகவில்லை. போனாயா என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. ஒருநாள் வழி தவறி ஒரு மேம்பாலத்தில் ஏறியபோது தூரத்தில் அதன் நுனி தெரிந்தது; அந்த நேரத்தில் நான் பின்னால் ஹாரன் அடித்தவனுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பிரான்ஸ் என்பது ஒரு மருத்துவமனையும் அதைச் சுற்றியிருக்கும் பத்துப் பதினோரு தெருக்களும்தான். அதில் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் வண்டி நிறுத்தலாம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

நானும் என் கணவரும் பெருங்களத்தூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறோம். பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது நான். முடிச்சூர் சாலையில் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் கிளட்சை விடத் தெரியாமல் அழுத டீச்சர்களை எல்லாம் ரிவர்ஸ் எடுத்து, வீட்டுக் கேட்டில் உரசாமல் வண்டியை உள்ளே விடுகிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வண்டி நிறுத்தச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு.

என் தங்கை நசீமா என்னைவிட எட்டு வயது சின்னவள். காரைக்கால் பக்கத்துக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை யூசுப்புக்கு அவர் அப்பா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமான ஆறாவது மாதம் நசீமா அங்கே போய்விட்டாள். சனா என்று ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை.

அக்டோபர் கடைசியில் யூசுப்பிடமிருந்து போன் வந்தது. "அக்கா, நசீமாவுக்குக் கணையத்துல இருந்த கேன்சர் ஈரல் வரைக்கும் வந்துடுச்சாம். இனிமே மருந்து இல்லன்னுட்டாங்க. உங்களப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா. மாமிக்கு இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார்.

அம்மா எங்களோடுதான் பீர்க்கன்கரணையில் இருந்தாள். நசீமாவுக்கு மஞ்சள் காமாலை, துணைக்கு ஆள் இல்லை என்று அவளிடம் சொன்னோம். அம்மா கீழாநெல்லிப் பொடி டப்பா ஒன்றை என் பெட்டியில் வைத்தாள்.

என்னிடம் வண்டி கற்றுக்கொண்ட வித்யா, காட்டாங்குளத்தூர் கல்லூரியில் பிரெஞ்சு ஒரு பாடமாகப் படித்தவள். கிளம்புவதற்கு முந்தைய நாள் வந்து, நோட்டுத் தாளில் இருபது வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டை என் கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் யூசுப்பைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. கல்யாணத்தில் பார்த்த முகத்தில் பாதிதான் இருந்தது. வெளியே வந்ததும் குளிர் பல்லுக்குள் இறங்கியது. வீடு நான்காவது மாடியில். கதவைத் திறந்த சனா என்னிடம் "போன்ஜூர்" என்று சொல்லி, பிறகு ஞாபகம் வந்தவளாக "சலாம் பெரியம்மா" என்றாள். சாப்பாடு யூசுப்பே வைத்த பருப்பு. சோறு குழைந்திருந்தது. தொட்டுக்கொள்ள, கம்பு மாதிரி நீளமாக ஒரு ரொட்டி. மேல்தோல் என் ஈறைக் கிழித்தது. சனா அதைச் சிரமமே இல்லாமல் மென்றாள்.

இரண்டாம் நாள் யூசுப் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நசீமா கட்டிலில் ஒரு துணி மடிப்பு மாதிரிக் கிடந்தாள். கண்ணின் வெள்ளை, நகம் எல்லாம் மஞ்சள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"குண்டாயிட்டக்கா" என்றாள்.

வாசலுக்குப் போய் அழுதுவிட்டுத் திரும்பி வந்து, "ஆமாடி, உன் பங்கையும் நான்தான் தின்னுட்டேன்" என்றேன்.

அன்று மாலை ரயில்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. யூசுப் காய்கறிக் குளிர்சாதனக் கிடங்கில் வேலை செய்தார். விடியற்காலை போனால் மதியத்துக்குமேல்தான் வரமுடியும். இருந்த விடுப்பையெல்லாம் எடுத்துத் தீர்த்திருந்தார். நசீமா ஓட்டிக்கொண்டிருந்த சின்ன காரின் சாவியை மேசையில் வைத்து, "நீங்க ஓட்டுவீங்கள்ல அக்கா?" என்றார். அவர் நண்பரின் வண்டியில் வேலைக்குப் போவது, நான் சனாவைப் பள்ளியில் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போவது என்று முடிவானது.

மூன்றாம் நாள், சாலையின் வலது பக்கம் ஓட்டினேன். திரும்புவதற்கு சிக்னல் போடப் போய் மூன்று முறை வைப்பர் ஓடியது. பின் சீட்டிலிருந்து சனா ஒவ்வொரு முறையும் "மழை இல்லையே பெரியம்மா" என்றாள்.

மருத்துவமனை வாகன நிறுத்தத்தின் வாசலில் ஒரு சாவடி. உள்ளே ஆப்பிரிக்காக்காரர் ஒருவர். நான் கண்ணாடியை இறக்கி, வித்யா எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். "எஸ்க ஜ பூரே ஸ்தாஸியோனே மோன் வெயிகூல் இஸி, சில் வூ ப்ளே, மொஸ்யூ?"

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. "கொம்ப்ளே, மதாம், கொம்ப்ளே" என்று கையை விரித்தார். இடமில்லை என்பது கையிலேயே தெரிந்தது. நாற்பது நிமிடம் தெருத் தெருவாகச் சுற்றி, கல்லறைச் சுவர் ஓரமாக ஓர் இடம் பிடித்து, அங்கிருந்து நடந்து போய்ச் சேர்ந்தேன்.

நான் அவரிடம் கேட்டதை நசீமாவிடம் சொல்லிக் காட்டினேன். அவள் சிரித்தாள். சிரிப்பு வயிற்றைப் பிடித்தது. ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு மறு கையால் நிறுத்து நிறுத்து என்றாள்.

"அக்கா, நீ தாம்பரம் மார்க்கெட்டுல போயி, 'ஐயா, எனது வாகனத்தை இவ்விடத்தில் நிறுத்திவைக்க அனுமதி கிடைக்குமா'ன்னு கேப்பியா?"

"கேட்டா ஸ்டாண்டுக்காரன், 'யக்கா, இன்னா பேஜார் பண்ணிகினு கீற, பின்னாடி வண்டி வருது பாரு'ம்பான்."

"அதான். நீ அங்க என்ன கேப்ப?"

"அண்ணா, வண்டி இங்க விட்டுக்கட்டுமா?"

"இங்கயும் அதேதான். ஜ்பெ ம காரே லா? அவ்ளோதான். காருக்குக் காரே. மறக்கவே மறக்காது. ஆனா மொதல்ல போன்ஜூர் சொல்லிடணும். அது சொல்லாம கேட்டா, இடம் இருந்தாலும் இல்லம்பாங்க."

நான் சொன்னேன். அவள் திருத்தினாள். 'ஜ' அப்படி அழுத்தக் கூடாது, உதட்டைக் குவித்து விடவேண்டும். வண்டிக்குள் யாராவது உட்கார்ந்திருந்தால் "வூ பார்தே?" என்று கேட்க வேண்டும். போகிறீர்களா என்று பொருள். "நீ பார்த்தேன்னு சொல்ற மாதிரியே சொல்லு, சரியா வந்துடும்" என்றாள். காசு கட்ட வேண்டுமா என்பதற்கு "ஸே பேயான்?" அரைமணி நேரம் நடந்த அந்தப் பாடத்தில் அவள் வலி மாத்திரை கேட்கவே இல்லை. நர்ஸ் எட்டிப் பார்த்து, அவளும் சிரித்து, ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் சாவடியில் கண்ணாடியை இறக்கி, "போன்ஜூர். ஜ்பெ ம காரே லா?" என்றேன். அந்த மனிதர் புருவத்தை உயர்த்தினார். சாவடிக்குள் ஆணியில், ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மாலை தொங்கியதைப் பார்த்து, சலாமும் சொன்னேன். வெளியே வந்தார். சாவடிக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கார் நிற்கிற இடத்தைக் காட்டினார். நான் ஒரே வெட்டில் ரிவர்ஸ் எடுத்து உள்ளே விட்டதும் கட்டைவிரலை உயர்த்தினார். அதற்குப் பிறகு தினமும் அந்த இடம் எனக்கு. மாலி நாட்டுக்காரர் என்று நசீமா மூலம் தெரிந்துகொண்டேன். நான் மேலே கையைக் காட்டி, "சேர்" என்பேன். தங்கை. அவர் நெஞ்சில் கை வைப்பார்.

ஆறாம் நாள் நசீமா மீன் குழம்பு கேட்டாள். கோவளத்திலிருந்து கூடையில் கொண்டுவரும் அக்காவிடம் வாங்குகிற வஞ்சிரம், புளி தூக்கலாக. இலங்கைத் தமிழர் கடை ஒன்றை யூசுப் சொன்னார். கடைக்குள் நுழைந்ததும் கறிவேப்பிலை வாசனையில் எனக்குக் கண் கலங்கியது. கடைக்காரர் உறைந்த மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "நீங்கள் இந்தியாவோ அக்கா? காரை எங்க விட்டனீங்கள்?" என்றார்.

"அந்த மூலையில. மஞ்சக் கோடு பக்கத்துல."

"ஐயோ, அது சாமான் இறக்கிற இடம். தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள், ஓடுங்கோ!"

ஓடினேன். அந்த இடத்தில் இப்போது ஒரு முட்டை வேன் நின்றது.

காரை மீட்க யூசுப் மறுநாள் வேலைக்குப் போகாமல் ஊருக்கு வெளியே இருந்த போலீஸ் கிடங்குக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கோபப்படவும் இல்லை. "அக்கா, மேஸ்திரி கடைசி தடவைன்னு சொல்லிட்டாரு. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேலை போயிடும். பார்த்து நிறுத்துங்க" என்றார். அந்த மெதுவான குரல் என்னை அடித்த மாதிரி இருந்தது. ஊருக்கெல்லாம் பார்க்கிங் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். இரண்டு ஸ்பூன் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. வாயைத் துடைத்துவிட்டபோது, "நல்லா இருந்துச்சுக்கா" என்றாள்.

ஒன்பதாம் நாள் நல்ல வெயில். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு நசீமா பேசினாள். சனாவைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, அவள் தலையில் சிக்கு எடுக்க யூசுப்புக்குத் தெரியாது என்பதைப் பற்றி. பிறகு, "அக்கா, ஒண்ணு கேப்பேன்" என்றாள்.

"கேளு."

"நான் போறப்ப நீ பக்கத்துல இரு. அவரு பயந்துடுவாரு. இங்க ராத்திரியெல்லாம் இந்த மெஷினு சத்தம் மட்டும்தான். தனியா மட்டும் விட்டுடாத."

"எங்கடி போகப்போறேன். இருக்கேன்."

"காதுல கலிமா சொல்லு. நான் சொல்லாட்டியும் நீ சொல்லு."

உயிர் போகும்போது காதில் விழ வேண்டிய கடைசி ஓதல் அது. சரி என்றேன். அவள் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். எடையே இல்லை.

பதினோராம் நாள், சனாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, மறந்துபோன கஞ்சிப் பாத்திரத்தை எடுக்க வீட்டுக்கு ஏறினேன். போன் அடித்தது. அந்த நர்ஸ். "மதாம், யுவர் சிஸ்டர் நாட் குட். கம். கம் நவ்" என்றாள். யூசுப்பின் போன் அணைந்திருந்தது. குளிர் கிடங்குக்குள் சிக்னல் வராது. பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

வேலைநிறுத்தம் இரண்டாம் வாரத்துக்குப் போயிருந்தது. ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் அன்று சாலையில் இருந்தார்கள். மருத்துவமனை வாசலுக்கு நான் வந்தபோது பத்து ஆக இருபது நிமிடம் இருந்தது. சாவடியில் மாலிக்காரர் இல்லை. அவருக்கு அன்று முறை இல்லைபோல. கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"போன்ஜூர். ஜ்பெ ம காரே லா?" சாவடிக்குப் பின்னால் கையைக் காட்டினேன். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

"நோன், மதாம்."

நசீமாவின் அறை இருந்த மாடியைக் காட்டினேன். "சேர். மா சேர்." அவன் தலையசைத்தான், புரிந்தது, ஆனாலும் இல்லை என்கிற மாதிரி. இங்கே வருகிற எல்லோருக்கும் மேலே யாரோ ஒருவர் இருக்கிறார்கள்தானே. என் தங்கை செத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு சொல் இல்லை. பதினோரு நாளில் நான் கற்றுக்கொண்ட பிரெஞ்சு முழுவதும் வண்டி நிறுத்துவதைப் பற்றியது. தமிழில் கத்தினேன். "சாவுறாப்பா, என் தங்கச்சி சாவுறா, உள்ள விடுப்பா" என்று கத்தினேன். அவன் பயந்து எழுந்து நின்று, பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. அதற்கு நான் வழி விட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது யோசித்தால் வண்டியை அங்கேயே, நடுச்சாலையில், சாவியோடு விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். எத்தனையோ முறை அந்தத் தெருவில் மனசுக்குள் அப்படி ஓடியிருக்கிறேன். அன்று ஓடவில்லை. ஆம்புலன்ஸுக்கு வழியை அடைக்கக் கூடாது, கார் மறுபடி போனால் யூசுப்பின் வேலை போய்விடும், அடுத்த தெருவில் இடம் இருக்கும். இந்த மூன்றும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த தெருவில் இடம் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. கல்லறைச் சுவர் ஓரம் நெடுக வண்டிகள். உள்ளே ஆள் தெரிந்த ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் நிறுத்தி "வூ பார்தே?" என்றேன். ஒருத்தி சிகரெட் பிடிக்க உட்கார்ந்திருந்தாள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரொட்டிப் பையோடு வந்த ஒரு கிழவர் தன் காரைத் திறந்தார். "வூ பார்தே?" என்றேன். "வுய், வுய்" என்று தலையாட்டினார். ரொட்டியைப் பின் சீட்டில் வைத்தார். எடுத்து முன் சீட்டில் வைத்தார். மப்ளரைக் கழற்றினார். கண்ணாடியைத் துடைத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே எடுத்தார், நான் உள்ளே விட்டேன், இறங்கி ஓட ஆரம்பித்தேன். அவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். அந்தத் தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் அட்டைக் கடிகாரம் வைக்க வேண்டுமாம். வந்த நேரத்தை நாமே திருப்பி வைக்கிற ஓர் அட்டை. தன் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வந்து, நசீமாவின் டேஷ்போர்டுக்குள் தேடி அதை எடுத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்து நாற்பது என்று சக்கரத்தைத் திருப்பிக் கண்ணாடிக்குள் வைத்தார். எனக்கு அபராதம் வரக் கூடாதே என்று செய்தார். அவர் கையைத் தட்டிவிடத் தோன்றியது. "மெர்சி" என்றேன்.

நசீமாவின் அறைக் கதவு மூடியிருந்தது. அதுவரை பகலில் அதை மூடி நான் பார்த்ததில்லை. நர்ஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பெரிய முள்ளை விரலால் பின்னுக்குத் தள்ளிக் காட்டினாள். பத்து இருபத்தைந்து.

உள்ளே ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வாயை மூடத் தாடைக்குக் கீழே சுருட்டிய டவல். காதோடு காதாகக் கலிமா சொன்னேன். சூடு இன்னும் இருந்தது. சொல்லிக்கொண்டே இருந்தேன்.

யூசுப் ஒரு மணிக்கு வந்தார். கிடங்கு உடுப்பிலேயே வந்திருந்தார், உடம்பிலிருந்து கோஸ் வாசனை. அவளைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா அக்கா?"

"இருந்தேன் தம்பி."

"கலிமா?"

"சொன்னா. என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் சொல்லிவிட்டது. அவர் தலையை ஆட்டி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அழுதார்.

மாலையில் காரை எடுக்கப் போனோம். சாவியை அவரிடம் கொடுத்தேன்; ஓட்டுகிற பக்கம் அவர் போனார். வைப்பரில் அபராதச் சீட்டு செருகியிருந்தது. நேரம் தாண்டிவிட்டதாம். அவர் அதை எடுத்துப் படித்தார். பிறகு கண்ணாடிக்குள் இருந்த அட்டைக் கடிகாரத்தை எடுத்தார். பார்த்தார். இறந்த நேரத்தை எழுதிய மருத்துவமனைத் தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. அட்டையில் பத்து நாற்பது. அவர் அட்டையை டேஷ்போர்டுக்குள் வைத்து மூடி, வண்டியைக் கிளப்பினார். நேராகச் சனாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

மறுநாள் மையித்தைக் குளிப்பாட்டினோம். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், வெள்ளை ஓடு பதித்த அறையில். பள்ளிவாசலிலிருந்து இரண்டு மொராக்கோ அம்மாக்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபி பேசத் தெரியாது. ஓதுகிற இடம் வரும்போது மட்டும் மூன்று பேர் வாயும் ஒரே சொல்லைச் சொன்னது. குழாயில் வெந்நீர் வர நேரமானது. அவள் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று நான் கையைக் காட்டித் தடுத்தேன். அந்த அம்மாக்களில் மூத்தவள் காத்திருந்தாள். தன் கையில் ஊற்றிச் சூடு பார்த்து, பிறகு என் கையிலும் ஊற்றிக் காட்டி, நான் சரி என்ற பிறகுதான் சொம்பைச் சாய்த்தாள்.

பதின்மூன்றாம் நாள் அடக்கம். ஆண்கள் உள்ளே போனார்கள். சனாவும் நானும் மையவாடிக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தோம். தூறிக்கொண்டிருந்தது. சனா கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் வீடு வரைந்தாள். பிறகு தலையை என் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். என் பையில் சீப்பு இருந்தது. ஆண்கள் திரும்பி வரும்வரை சிக்கு எடுத்தேன்.

அன்று மாலை காலிங் கார்டு வாங்கி வீட்டுக்குப் போன் செய்தேன். என் கணவர் முந்தின நாளே அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் குரல் இல்லை. மஞ்சள் காமாலை என்று பொய் சொன்னதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"புள்ள தனியாவா போச்சு?"

"இல்லம்மா. நான் இருந்தேன். என் கையிலதான் போனா."

பதினேழாம் நாள் கிளம்பினேன். சனா பள்ளிக்குப் போயிருந்தாள். அப்படித்தான் நல்லது என்று யூசுப்பும் நானும் பேசாமலே முடிவு செய்திருந்தோம்.

பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்த அன்றைக்கே துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். "மூத்தவ பக்கத்துலயே இருந்தா. கையப் பிடிச்சுக்கிட்டு, கலிமாவ ஓதிக்கிட்டே கண்ண மூடிச்சாம் என் புள்ள." எதிர்வீட்டு அம்மா, டிரைவிங் ஸ்கூல் பெண்கள், ஏரிக்கரைத் தெருவில் மீன் விற்க வருகிற அக்கா வரை எல்லோரிடமும் சொன்னாள். மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் தாடையைத் தொட்டு, "அந்த மட்டும் நீ இருந்தியே, அது போதும்மே. எத்தினி பேருக்கு அது கெடைக்குது?" என்றாள். ஆறு மாதத்தில் கதை வளர்ந்தது. நசீமா கடைசியாகச் சிரித்ததாகவும், அம்மாவைக் கேட்டதாகவும் அம்மா சேர்த்துக்கொண்டாள். நான் சொன்னதாகவே சேர்த்துக்கொண்டாள். நான் உட்கார்ந்து தலையாட்டினேன். வகுப்பில் யாராவது ரிவர்ஸ் எடுக்கும்போது சில நாள் நானே ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பி விடுவேன்.

மறு வருடம் கோடை விடுமுறையில் யூசுப் சனாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா பேத்தியை மடியைவிட்டு இறக்கவில்லை. பிரியாணி சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது அம்மா ஆரம்பித்தாள். கை, கலிமா, சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளைக்குத் தெரியாதது போல அவருக்கே சொன்னாள். சொல்லி முடித்து, "அப்படித்தானே தம்பி?" என்று கேட்டாள்.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். யூசுப் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா மாமி. அக்கா பக்கத்துலயேதான் இருந்தாங்க" என்றார்.

மாலையில் அவர் ஏரிக்கரைப் பக்கம் காற்று வாங்கப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஆகாயத் தாமரை ஏரியைப் பாதி மூடியிருந்தது. ரயில் ஒன்று போய் அடங்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"உங்களுக்குத்தான் தெரியுமே தம்பி. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அன்னிக்கு நீங்க ரோட்டுல இருந்தீங்க அக்கா. நான் கிடங்குல இருந்தேன். ரெண்டு பேரும் அங்க இல்ல" என்றார். "மாமிக்காவது யாராச்சும் ஒருத்தர் இருந்திருக்கணும்ல."